பெற்ற வயிற்றைப் பழித்தல் ஆகாது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றியும், அவற்றுள் பரம்பரைக்கு உள்ள பங்கைப் பற்றியும் பேசவேண்டும் என்று உங்கள் செயலாளர் கேட்டுக்கொண்டார். விழா மேடைக்கு இது ஏற்ற பொருளாகுமா என்று முதலில் தயங்கினேன். பின்னர் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது, தயக்கம் அகன்றது. அதையே முதலிற் சொல்லுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வைத்தியம் பார்த்த ஓரிடத்துக்கு ஓர் இளந்தாய் ஏழு மாத ஆண் குழந்தையோடு வந்தாள். கூட மாமியாரும் வந்தார். குழந்தைக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை. கண்கள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. கையிலே ஒற்றை ரேகை ஓடியது. நான் வாய் திறக்குமுன் மாமியார் சொன்னார்: "கிரகணத்தண்டு வெளியிலே திரியாதை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான் ஐயா. கேட்டாளில்லை." அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்து குழந்தையின் காலை வருடிக்கொண்டிருந்தாள். வெளியே நோயாளர் வரிசை நீண்டிருந்தது. நான் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டேன். அந்த மாமியாருக்குச் சொல்லவேண்டிய பதிலைச் சொல்லாமலே விட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

அன்பர்களே, பரம்பரை என்பது யாது? நம் முன்னோர் நூல்களைப் பனையோலையில் எழுதி வைத்தனர். ஓலை பழுதடையுமுன் வேறோலையிற் படியெடுத்தனர். படியெடுப்பவன் எவ்வளவு கருத்துடையவனாயினும் எங்கோ ஓர் எழுத்து விடுபடும்; ஓரேடு இருமுறை கோக்கப்படும். நம் உடலிலும் இவ்வாறே நிகழ்கிறது. உடலின் கலங்கள் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. தந்தையிடமிருந்து 23, தாயிடமிருந்து 23. ஒரே சுவடியின் இரண்டு பிரதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் எழுதப்பட்டுள்ளன. மூளையை ஆக்குவதற்கு அவற்றுட் பெரும்பகுதி வேண்டியிருக்கிறது. ஆகையால் எங்கே பிழை நேர்ந்தாலும் அது மூளையிலே தெரிய இடமுண்டு. பேச்சுப் பிந்துதல், படிப்பு ஏறாமை, பிறரோடு பழகுவதில் வேறுபாடு, வலிப்பு எனப் பலவாறாக அது வெளிப்படும்.

பிழைகள் பல வகையின. நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஓரேடு மிகையாகக் கோக்கப்படுதல். நான் சொன்ன குழந்தைக்கு நேர்ந்தது இதுவே. 1866 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோன் லாங்டன் டவுண் என்னும் வைத்தியர் இக்குழந்தைகளின் இயல்புகளை விரித்தெழுதினார். அதனால் இது டவுண் நோய்க்குறி எனப்படுகிறது. காரணம் தெரிய மேலும் 90 ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1959 இல் பாரிசு நகரத்து லெஜூன், மார்த்த கோற்றியே, துர்ப்பென் ஆகிய மூவரும், இக்குழந்தைகளின் கலங்களில் 46 அன்று, 47 நிறமூர்த்தங்கள் உள்ளன என்று வெளியிட்டனர். இருபத்தோராவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது.

இந்த மிகை எப்போது நேர்கிறது? பெரும்பாலும் கருக்கட்டுவதற்கு முன்பே, முட்டைக்கலம் பிரியும்போது நேர்கிறது. சிறுபான்மை தந்தையின் விந்திலும் நேரும். பெண்ணின் முட்டைக்கலங்கள், அவள் தன் தாயின் வயிற்றிலே சிசுவாக இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. காத்திருக்கும் காலம் நீள நீளப் பிழை நேரும் வாய்ப்பு ஏறுகிறது. 25 வயதுத் தாய்க்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பிறப்புகளில் ஒன்றாக இருப்பது, 40 வயதில் நூறில் ஒன்றளவுக்கு வருகிறது. ஆயினும் இளந்தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளிற் பலர் இளந்தாய்மாருக்கே பிறக்கின்றனர்.

இப்போது எண்ணிப் பாருங்கள். கருத்தரித்த கணத்திலேயே மூன்றாவது ஏடு அங்கே இருக்கிறது. அதன் பின்னர் அவள் கிரகணத்தைப் பார்த்தாளா, பப்பாசிப்பழம் தின்றாளா, இடம்பெயர்ந்த நாளில் ஷெல் சத்தத்துக்கு அஞ்சினாளா என்பவை எதுவும் அந்த ஏட்டைச் சேர்த்திருக்க முடியாது. பிழை முந்தியது, நாம் சுமத்தும் பழி பிந்தியது. மாமியாருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இவ்வளவுதான்.

இரண்டாவது வகை, இரண்டு பிரதிகளிலும் ஒரே இடத்திற் பிழையிருத்தல். இதற்கு நோர்வே நாட்டுத் தாய் ஒருத்தியின் வரலாறு சான்றாகும். போர்க்னி எகலன்ட் என்பது அவர் பெயர். லீவ் என்னும் மகளும் டாக் என்னும் மகனும் பிறந்தபோது நன்றாகவே இருந்தனர்; நாட்செல்ல அறிவு மங்கினர். சிறுநீரில் ஒருவகை நாற்றம் வீசியது. தாய் வைத்தியர் வைத்தியராக ஏறி இறங்கினார். எவரும் நாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை. 1934 இல் ஒஸ்லோ நகரத்து அஸ்பியோர்ன் பொலிங் என்னும் வைத்தியர் அத்தாயின் சொல்லை மதித்துக் கேட்டார். பிள்ளைகளின் சிறுநீரில் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலை இட்டபோது அது பச்சையாக மாறிற்று. உணவின் புரதத்திலுள்ள பினைல் அலனின் என்னும் பொருளை மாற்றவேண்டிய நொதியம் ஈரலிலே வேலை செய்யவில்லை. அப்பொருள் இரத்தத்தில் தேங்கி மூளையை நஞ்சுபோற் கெடுத்தது. இந்நோய்க்குப் பினைல்கீற்றோனூரியா என்று பெயர்.

காரணம் தெரிந்தும் அந்த இரு பிள்ளைகளுக்கும் அன்று உதவ முடியவில்லை. ஆனால் ஏறக்குறைய 20 ஆண்டுகளின் பின், பேர்மிங்காம் நகரில் ஷீலா என்னும் சிறுமியின் தாய், ஓர்சுற் பிக்கெல் என்னும் வைத்தியரிடம் நாள்தோறும் வந்து, "என் பிள்ளைக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று விடாது மன்றாடினார். பிக்கெலும் அவருடன் வேலை செய்தவர்களும் பினைல் அலனின் குறைந்த உணவொன்றை ஆக்கிக் கொடுத்தனர். குழந்தை தேறத் தொடங்கியது. அவ்வுணவின் பயனை 1953 இல் உலகறிய வெளியிட்டனர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் றொபேட் கத்திரி, பிறந்த குழந்தையின் குதிக்காலிலிருந்து ஒரு துளி இரத்தத்தைத் தாளில் ஊறவைத்து இந்நோயைக் கண்டுபிடிக்கும் முறையை வகுத்தார். அவருடைய சொந்த மகனும் அறிவு வளர்ச்சி குன்றியவர். உறவிற் பெண்குழந்தை ஒன்று இந்நோயால் வருந்தியது. பிறந்த சில வாரங்களுக்குள் உணவை மாற்றினால் இக்குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்கின்றனர். பரம்பரை நோய் என்றால் தீர்வில்லை என்று கைகழுவுவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்க. ஏட்டுப் பிழை மாறவில்லை. பிள்ளையின் விதி மாறிற்று.

மூன்றாவது வகை, தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. ஆணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றே. அதிற் பிழையிருந்தால் ஈடுசெய்ய மறுபிரதி இல்லை. 1943 இல் மாட்டின், பெல் என்னும் இருவர் ஒரே குடும்பத்தில் ஆண்கள் பலர் அறிவு குன்றியிருந்ததை ஆராய்ந்தெழுதினர். இன்று அதனை உடையும் எக்ஸ் நோய்க்குறி என்கின்றனர். அதற்குரிய பரம்பரையலகு 1991 இற் கண்டறியப்பட்டது. ஒரே மூன்றெழுத்துத் தொடர் அங்கே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. அது 200 முறைக்கு மேற் போனால் பரம்பரையலகு வாய் மூடிவிடுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை இத்தொடர் நீள்வதால், சுகமாக வாழ்ந்த பாட்டனிடமிருந்து மகளுக்கு வந்து, பேரனில் நோயாக வெளிப்படலாம். இங்கும் தாய் செய்தது ஒன்றுமில்லை. தான் பெற்றதையே கொடுத்தாள்.

இவ்வகையிலேயே நம் வன்னி மண்ணுக்கு நெருங்கிய ஒன்று உண்டு. சிவப்பணுக்களைக் காக்கும் நொதியம் ஒன்றின் குறைபாடு அது. வைத்தியர்கள் சுருக்கமாக ஜீ-6-பீ-டி குறைபாடு என்பர். 1956 இல் அமெரிக்காவில், பிறிமாக்குவின் என்னும் மலேரியா மருந்தை உட்கொண்ட சிலருக்கு இரத்தம் சிதைந்ததன் காரணத்தைத் தேடியபோது இது வெளிப்பட்டது. மலேரியா நீண்டகாலம் குடிகொண்ட நாடுகளில் இக்குறைபாடு மிகுந்திருக்கிறது. கடும் மலேரியாவிலிருந்து அது ஓரளவு காப்பளித்தமையே காரணம். நம் தாத்தாமார் காட்டை வெட்டிக் குளத்தைக் கட்டிய காலத்தில் மலேரியா எவ்வளவு பேரைக் கொண்டுபோயிற்று என்பதை ஊர்ப் பெரியவர்கள் அறிவர். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காய்ச்சல் போய்விட்டது, அது விட்டுச்சென்ற பரம்பரை போகவில்லை.

இதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? இக்குறைபாடுள்ள சிசுவின் சிவப்பணுக்கள் திடீரென உடைந்தால் மஞ்சட் காமாலை கடுமையாக ஏறும். மஞ்சள் நிறப் பொருள் அளவு மீறினால் மூளைக்குட் புகுந்து, கேள்விப் புலனைக் கெடுத்து, கைகால்களை முறுக்கி, வாழ்நாள் முழுதும் ஊனமாக்கிவிடும். அணுக்களை உடைக்கும் பொருள்களுள் ஒன்று நம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. உடுப்புக்குப் பூச்சி வராமல் வைக்கும் நப்தலின் உருண்டைதான் அது. பிள்ளை பிறக்குமுன் சேர்த்து வைத்த சின்னச் சட்டைகளுக்கிடையே அந்த உருண்டையை வைக்காதீர்கள். வைத்திருந்தாற் சட்டைகளைத் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே உடுத்துங்கள்.

மஞ்சளைப் போக்கும் ஒளி வைத்தியத்தின் கதையும் இனிது. 1956 இல் இங்கிலாந்தின் றொச்போட் வைத்தியசாலையில் உவாட் என்னும் தாதி, குறைமாதக் குழந்தைகளை வெயில் காயக் கொண்டுசெல்வது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்து, வெயில் பட்ட இடம் வெளிறியிருந்ததை அவர் வைத்தியருக்குக் காட்டினார். அதிலிருந்தே நீலவொளி விளக்கு வந்தது. "அப்படியானால் முற்றத்து வெயில் போதுமே" என்று எண்ணிவிடாதீர்கள். கடும் மஞ்சளுக்கு முற்றத்து வெயில் போதாது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவினாலோ, பிள்ளை பால் குடியாமற் சோர்ந்து கிடந்தாலோ, அந்த நாளிலேயே, இரவானாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போகும் நேரம், ஒரு பிள்ளையின் வாழ்நாளோடு ஒப்பிட்டாற் பெரிதன்று.

நான்காவதாக ஓட்டிசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1943 இல் லியோ கானர் இதனை விவரித்த பின்னர், மேல்நாட்டு அறிஞர்களிற் சிலர், தாயின் அன்பு குளிர்ந்துபோனதே இதற்குக் காரணம் என்று எழுதினர். படித்தவர்களே தாயைப் பழித்தனர். நம்மூர் மாமியாரை மட்டும் குறை கூறுவானேன்? 1977 இல் போல்ஸ்டைன், றட்டர் ஆகியோர் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிற் பிறந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிற் பிறந்த 10 சோடிகளில் ஒன்றிற்கூட இருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வே; ஆயினும் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. ஒரு பரம்பரையலகு அன்று, பல நூறு இதிற் பங்குகொள்கின்றன. தாயின் அன்பிற் குறையில்லை.

இனி, எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். மச்சானும் மச்சாளும் மணம் முடிக்கலாமா?

கணக்காகவே பார்ப்போம். ஒரு பாட்டியிடம் மறைந்த பிழையொன்று உண்டு என்க. அது மகனுக்குப் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அவன் மகளுக்குப் போக மீண்டும் இரண்டில் ஒன்று. அவ்வாறே பாட்டியின் மகளுக்கும், அவள் மகனுக்கும். பேரன் பேத்தி இருவரிடமும் அப்பிழை இருக்க 16 இல் ஒன்று வாய்ப்பு. அவ்விருவரும் மணந்தால், பிள்ளை இரண்டு பழுதுப் பிரதிகளையும் பெற நான்கில் ஒன்று. ஆக 64 இல் ஒன்று. பேத்தி பிறத்தியில், அப்பிழை நூற்றில் ஒருவரிடம் உள்ள கூட்டத்தில், மணம் செய்தால் அது 1,600 இல் ஒன்று. இது ஒரு பிழைக்கான கணக்கு. நம் ஒவ்வொருவரிடமும் இத்தகைய மறைபிழைகள் சில உண்டு.

ஆயினும் அச்சத்தையும் அளவோடு கொள்ளவேண்டும். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றில் 2 அல்லது 3. மச்சான் மச்சாள் மணத்தில் அது 4 முதல் 6 வரை. நூற்றில் தொண்ணூற்று நான்குக்கு மேல் நலமே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராவ், இன்பராஜ் இருவரும் 1970களில் வட ஆற்காட்டுப் பகுதியிற் பெருந்தொகையான குடும்பங்களை ஆராய்ந்தனர். கிராமங்களில் ஏறக்குறைய பாதித் திருமணங்கள் உறவுக்குள்ளேயே நடந்திருந்தன. கருச்சிதைவு முதலியவற்றிற் பெரிய வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. ஆகவே உறவிற் கட்டியவர்களை ஏசுவதும் பேதைமை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் ஒரே வகையிற் பாதிக்கப்பட்டிருந்தால், அக்குடும்பத்துக்குள் மீண்டும் மணம் பேசுமுன் வைத்திய ஆலோசனை பெறுதல் வேண்டும். காணி பிரியாது, சீதனம் வெளியே போகாது என்ற கணக்கைவிட இந்தக் கணக்குப் பெரிது.

மணப்பேச்சைப் பற்றி மேலும் ஒன்று. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் குறையென்றால் அவன் அக்காளுக்கு வந்த கலியாணமும் குழம்பிவிடுகிறது. ஆகையால் அந்தப் பிள்ளையை உள்ளறையில் மறைக்கிறார்கள். டவுண் நோய்க்குறி பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவதன்று. நூற்றில் மூன்று நான்கு பேரிடமே நிறமூர்த்தம் ஒட்டி மாறிய வகை காணப்படும். இரத்தப் பரிசோதனையால் அதை அறிந்துவிடலாம். ஆக அக்காளை ஒதுக்குவதற்கு நியாயமில்லை. உடையும் எக்ஸ் போன்றவற்றிலோ அக்காள் அப்பரம்பரையைத் தாங்கியிருக்கலாம். அவளுக்கு அது தெரியவேண்டும், மணமகனுக்கும் தெரியவேண்டும். மறைத்து முற்றாக்குவதும் தவறு. அறியாமல் ஒதுக்குவதும் தவறு. பரிசோதித்து அறிவதே இரண்டுக்கும் நடுவழி. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 இல் மனிதப் பிறப்புரிமையியல் அலகு நிறுவப்பட்டது. வைத்தியர் தரும் கடிதத்தோடு அத்தகைய ஆலோசனையை நாடலாம்.

இளைஞர்களே, நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. குழந்தை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதில் தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் பார்த்து மூடிவிடுகிறோம். எந்த மாதத்திற் சிரிக்கவேண்டும், இருக்கவேண்டும், பேசவேண்டும் என்பதும் அதில் உண்டு. பிந்தினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். "அப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்" என்று மூன்று வயதுவரை காத்திராதீர்கள். பிறந்த பிள்ளைக்குக் குதிக்காலில் இரத்தம் எடுத்துத் தைரொயிட்டுச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்டறியுங்கள். அக்குறை பெரும்பாலும் பரம்பரையால் வருவதன்று. ஆனால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். டவுண் குழந்தைகளிற் பாதிப் பேருக்கு இருதயத்திலும் குறையிருக்கும், அதையும் பார்ப்பிக்கவேண்டும். அவர்கள் இன்று நல்ல வைத்தியத்தோடு அறுபது வயதளவும் வாழ்கிறார்கள். இருக்கப் பழக்கி, பேசப் பழக்கி, பள்ளிக்கு அனுப்பினால் பலவும் கற்கிறார்கள்.

இன்னொன்று, சங்கமே செய்யக்கூடியது. திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இப்பிள்ளைகளை அழையுங்கள். வாகனமில்லாத தாய் ஒருத்தி மாதம் ஒருமுறை வவுனியா கிளினிக்குக்குப் போய்வர, ஓர் இளைஞன் அரைநாள் கொடுத்தாற் போதும். அது எந்த மண்டபம் கட்டுவதிலும் குறைந்த பணியன்று.

முன்வினை என்று சிலர் சொல்லக்கூடும். அது அவரவர் தம்மைப் பற்றி எண்ணிப் பார்த்தற்குரிய தத்துவம். அயல்வீட்டுத் தாயை நோக்கி நீட்டும் விரலாக அதை ஆக்கலாகாது. அவள் வினை யாதென்று நமக்குத் தெரியாது. அவள் பிள்ளைக்குப் பால் பருக்கவும் பழக்கவும் படும் பாடு நம் கண்முன் தெரிகிறது. தெரிந்ததற்குத் துணைநிற்பதே நம் கடன்.

நான் முதலிற் சொன்ன அந்தத் தாயைப் பின்னர் ஒருமுறை சந்தித்தேன். பிள்ளை நடந்து வந்தான். மாமியாரின் கையைத்தான் பிடித்திருந்தான். கிழவி என்னைக் கண்டதும், "இவன்தான் ஐயா எனக்கு இப்ப எல்லாம். இவனில்லாட்டி வீடு வெறிச்" என்றார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அந்தத் தாய் இன்னும் அதிகம் பேசுவதில்லை. கிரகணத்தைப் பற்றிய பழியை அவளிடமிருந்து எவரும் வாய்விட்டு எடுத்துப்போடவில்லை. ஒரு குழந்தையைக் கண்டு மனம் மாறலாம். ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கச் சொல்லால்தான் முடியும்.

இச்சபையில் உள்ளவர்களில் எவரேனும் அப்படியொரு சொல்லைச் சொல்லியிருந்தால், இன்றிரவு வீட்டுக்குப் போய் அதைத் திருப்பி எடுத்துவிடுங்கள். "உன்னிலே பிழையில்லைப் பிள்ளை" என்று ஒருமுறை சொல்லுங்கள். அது உண்மை, விஞ்ஞானமும் அதையே சொல்லுகிறது.